அப்பாவுக்கு அரசாங்க வேலை என்றால் பல்கலைக்கழகக் கட்டணம் குறையுமா?

பிள்ளை ‘ஏ’ நிலைத் தேர்வு எழுதி முடித்துவிட்ட வீடுகளில், விருந்து என்றாலும் விசேஷம் என்றாலும் பேச்சு கடைசியில் கட்டணத்தில்தான் வந்து நிற்கும். “உங்களுக்கென்ன கவலை, அண்ணன் அமைச்சுல இருக்காரு. கவர்மென்ட் ஆளுங்க பிள்ளைங்களுக்குப் பாதிக் கட்டணம்தானே?” என்று யாராவது கேட்பார்கள். அது உண்மையா என்று அண்ணனுக்கே தெரியாது. இருந்தாலும் சபையில் மறுத்துப் பேசாமல் சிரித்துவைப்பார். அந்தச் சிரிப்பை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு நாலு பேர் நாலு வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் அரசாங்க ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று பொதுவான பல்கலைக்கழகக் கட்டணத் தள்ளுபடி எதுவும் கிடையாது. கட்டணம் இரண்டே கேள்விகளைப் பொறுத்துக் குறைகிறது. படிக்கிற பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன்? அந்த வீட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம்? அப்பா அமைச்சில் இருக்கிறாரா, கப்பல் பட்டறையில் இருக்கிறாரா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

அப்படியென்றால் இவ்வளவு பேர் ஏன் நம்புகிறார்கள்? கட்டணத்தைக் குறைக்கும் ஏற்பாடு ஒன்றல்ல, நாலைந்து இருக்கின்றன. மானியம், உதவித்தொகை, உபகாரச் சம்பளம், கடன் என்று அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. ஆனால் பேச்சில் எல்லாமே ‘கவர்மென்ட் தர்றது’ என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறது. மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

வீவக வீடு வாங்கிய கணக்கு ஞாபகம் இருக்கிறதா?

நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) புதிதாக பிடிஓ வீடு, அதாவது முன்பதிவு செய்து கட்டித்தரும் வீடு, வாங்கும்போது என்ன நடக்கிறது? முதலில், வீட்டின் விலையே சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் வருகிறது. அந்தக் குறைப்பைப் பெற, தகுதியுள்ள குடிமகனாக இருந்தால் போதும். அதற்கு மேல், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தனி மானியம். மாத வருமானம் 9,000 வெள்ளிக்குள் இருக்கும் முதன்முறை வாங்குவோருக்கு அது கிடைக்கும். வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். மிச்சத்துக்குக் கடன். கடனோடு சேர்த்து, சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்தும் (சிபிஎஃப்) எடுத்துக் கட்டுகிறோம். நாளைக்கு வீட்டை விற்றால், சேம நிதியில் எடுத்ததை வட்டியோடு திரும்ப வைக்க வேண்டும்.

நாலு அடுக்கு: எல்லாக் குடிமக்களுக்கும் குறைந்த விலை, வருமானத்தைப் பார்த்துத் தரும் மானியம், கடன், சேம நிதி. இந்த நாலில் எதிலாவது ‘நீங்கள் அரசாங்க ஊழியரா’ என்று கேட்டார்களா? இல்லை. பல்கலைக்கழகக் கட்டணமும் ஏறக்குறைய இதே நாலு அடுக்கில்தான் அமைந்திருக்கிறது.

முதல் அடுக்கு: எல்லாருக்கும் கிடைக்கும் மானியம்

முதல் அடுக்கின் பெயர் கல்விக் கட்டண மானியம். மாணவர் கட்ட வேண்டிய கட்டணத்தில் ஒரு பெரிய பங்கைக் கல்வி அமைச்சு நேராகப் பல்கலைக்கழகத்துக்கே செலுத்திவிடும் ஏற்பாடு அது. 1980இல் தொடங்கியது. பணம் நம் கைக்கு வந்து போவதில்லை என்பதால், இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கட்டணச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் ஒரு பெரிய தொகை இருக்கும். அது முழுக் கட்டணம். அதன் கீழே அமைச்சு தரும் மானியத்தைக் கழித்திருப்பார்கள். மிஞ்சுவதுதான் நாம் கட்ட வேண்டியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கலை, அறிவியல் படிப்புகளுக்கு முழுக் கட்டணம் ஆண்டுக்கு சுமார் 30,000 வெள்ளியைத் தொடும். குடிமகனாக இருக்கும் மாணவர் கட்டுவது 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். நிரந்தரவாசி அதைவிடக் கூடுதலாகக் கட்டுவார். வெளிநாட்டு மாணவர் அதற்கும் மேல். மருத்துவப் படிப்பு தனிக் கதை. அங்கே மானியம் போன பிறகும் குடிமக்களுக்கு ஆண்டுக்கு 30,000 வெள்ளியை ஒட்டி வரும்.

குழப்பம் பிறக்கும் இடமும் இதுதான். அமைச்சில் வேலை பார்க்கும் ஒருவர் தன் மகளின் கட்டணச் சீட்டைப் பார்க்கிறார். முக்கால்வாசித் தொகை ‘அமைச்சு மானியம்’ என்று கழிந்திருக்கிறது. ‘அட, நமக்குக் கழித்திருக்கிறார்கள்’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதே வகுப்பில், அதே வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்சி ஓட்டுநர் மகனின் சீட்டிலும் அதே தொகைதான் கழிந்திருக்கும். வங்கி நிர்வாகியின் மகளுக்கும் அதேதான். இந்த அடுக்கில் ஏழை, பணக்காரர் வித்தியாசம்கூடக் கிடையாது.

இன்னொன்று. பார்ப்பது மாணவரின் குடியுரிமையை, பெற்றோருடையதை இல்லை. அப்பா அம்மா இருவரும் நிரந்தரவாசிகள், மகள் குடியுரிமை பெற்றவள் என்றால் அவளுக்குக் குடிமக்கள் கட்டணம்தான். அப்பா குடிமகன், மகன் இன்னும் நிரந்தரவாசி என்றால் மகனுக்கு நிரந்தரவாசிக் கட்டணம். நம் சமூகத்தில் ஒரே வீட்டில் இரண்டு நிறக் கடப்பிதழ் இருப்பது சாதாரணம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கட்டணத்தில் பெரும் பகுதியைக் குறைப்பது கல்விக் கட்டண மானியம், அது மாணவரின் குடியுரிமையை மட்டும் பார்க்கிறது, ஒரே படிப்பில் குடிமக்கள் எல்லாருக்கும் ஒரே அளவு.

மானியத்தின் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்துகள்

குடிமக்களுக்கு இந்த மானியம் பெரும்பாலும் கேள்வியில்லாமல் கிடைத்துவிடும். நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படித்து முடித்ததும் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டு வேலை பார்ப்பேன் என்பதுதான் அந்த ஒப்பந்தம். இதைத்தான் எல்லாரும் ‘பாண்டு’ என்கிறார்கள். அரசாங்கத்தில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை, தனியார் நிறுவனமும் சரிதான். பாதியில் விட்டுவிட்டுப் போனால் மானியத் தொகையை வட்டியோடு திருப்பிக் கட்ட நேரிடும். ஊரிலிருந்து வந்து இங்கே படிக்கும் அண்ணன் மகன், அக்கா மகளுக்கு இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயதில் மூன்று ஆண்டு என்பது சின்னதாகத் தெரியும். இருபத்திரண்டில் வெளிநாட்டில் ஒரு வேலை வாய்க்கும்போதுதான் அது உறைக்கும்.

மருத்துவம், பல்மருத்துவம் படிப்பவர்களுக்கு மட்டும் குடிமக்களானாலும் பொதுச் சுகாதாரத் துறையில் சில ஆண்டு வேலை பார்க்கும் கடப்பாடு உண்டு. அது தனி ஒப்பந்தம்.

மானியம் எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். இவற்றோடு பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் மானியத்துக்குள் வரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களை இங்கே நடத்தும் தனியார் கல்வி நிலையங்களுக்கு இது கிடையாது. அங்கே சேர்கிறவர்கள் முழுக் கட்டணத்தையும் தாங்களேதான் கட்ட வேண்டும். ஒரு முறை மானியத்தோடு பட்டம் வாங்கியவர் அதே நிலையில் இரண்டாவது பட்டம் படிக்க வந்தால், அவருக்கும் வழக்கமாக மானியம் இல்லை. விடுதி வாடகை, இதர சில்லறைக் கட்டணங்கள் எல்லாம் கணக்குக்கு வெளியே.

இரண்டாம் அடுக்கு: தலைக்கு எவ்வளவு?

குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணத்துக்குக் கல்வி உதவித்தொகை என்று பெயர். அரசாங்க உதவித்தொகைக்குக் குடிமகனாக இருக்க வேண்டும்; நிரந்தரவாசிக்கு இல்லை.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே கணக்கு தலைக்கு வருமானம். வீட்டில் சம்பாதிப்பவர்கள் எல்லாருடைய மொத்த மாத வருமானத்தையும் கூட்டி, வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. சேம நிதிக்குப் பிடித்தம் போவதற்கு முந்திய சம்பளத்தைத்தான் எடுப்பார்கள். குடும்பத்தின் மொத்த வருமானத்தை வைத்தும் தகுதி பெறலாம் என்றாலும், ஆள் அதிகமுள்ள வீடுகளுக்குக் கைகொடுப்பது இந்த வகுத்தல்தான்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் நான் கணக்குக்காக உண்டாக்கியவை. முதல் வீட்டில் கணவர் ஓர் அமைச்சில் அதிகாரி. மாதம் 7,000 வெள்ளி. மனைவி வேலைக்குப் போகவில்லை. மூன்று பிள்ளைகள். கணவரின் அம்மாவும் கூடவே இருக்கிறார். ஆறு பேர். 7,000ஐ ஆறால் வகுத்தால் தலைக்கு 1,167 வெள்ளி. இரண்டாவது வீட்டில் கணவர் கிடங்கு மேற்பார்வையாளர், 3,400 வெள்ளி. மனைவி கடையில் காசாளர், 2,600 வெள்ளி. ஒரே மகள். 6,000ஐ மூன்றால் வகுத்தால் தலைக்கு 2,000 வெள்ளி.

சம்பளச் சீட்டைப் பார்த்தால் முதல் வீடுதான் வசதி. தலைக்கு வருமானத்தைப் பார்த்தால் இரண்டாவது வீடு மேலே இருக்கிறது. ஆகவே கூடுதல் உதவித்தொகை கிடைக்க வாய்ப்புள்ளது அமைச்சு அதிகாரியின் மகனுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன பேசுவார்கள்? ‘அவர் கவர்மென்ட்ல இருக்காரு, அதான் கிடைச்சுது’ என்பார்கள். உண்மையில் அந்தப் பணத்தைக் கொண்டுவந்தது வீட்டில் இருக்கும் பாட்டியும் தம்பி தங்கையும். இந்த வதந்திக்கு உயிர் கொடுப்பதில் பாதிப் பங்கு இப்படிப்பட்ட கணக்குகளுக்குத்தான் என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி? படிவம் நிரப்புவதில் இருக்கும் பழக்கம். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு எந்தச் சுற்றறிக்கை எப்போது வரும், எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. விண்ணப்பிக்கிறவருக்குக் கிடைக்கிறது. ‘நமக்கெல்லாம் எங்க கிடைக்கப்போகுது’ என்று சும்மா இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

உதவித்தொகையின் அளவு சின்னதில்லை. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் உதவித்தொகைகளைக் கூட்டப்போவதாக அறிவித்தார். 2020இல் அது நடப்புக்கு வந்தது. ஆகக் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, பொதுவான பட்டப்படிப்பில் கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 4,000 வெள்ளியிலிருந்து ஏறக்குறைய 2,000 வெள்ளியாக இறங்கும் என்பது அந்த அறிவிப்பின் சாரம். வருமான வரம்புகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள். பெரியவனுக்கு மூன்று வருடம் முன்னால் கிடைக்கவில்லை என்பதற்காகச் சின்னவளுக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

அரசாங்கத்தைத் தவிர, பல்கலைக்கழகங்களும் தங்கள் பங்குக்கு உதவித்தொகை தருகின்றன. அப்புறம் நமக்கென்று சிண்டா இருக்கிறது. 1991இல் தொடங்கிய இந்தச் சுய உதவிக் குழு, வசதி குறைந்த இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. சம்பளச் சீட்டில் ‘சிண்டா’ என்று மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளிவரை, சம்பளத்துக்குத் தக்கபடி பிடித்திருப்பார்களே, அந்த நிதிதான். கொடுக்கும்போது முணுமுணுக்கிற நாம், தேவை வரும்போது அதைக் கேட்கவும் மறந்துவிடுகிறோம். இந்து அறக்கட்டளை வாரியம் போன்ற அமைப்புகளும் மாணவர்களுக்கு உதவுகின்றன.

மலாய், முஸ்லிம் சமூகத்தின் சுய உதவிக் குழுவான மெண்டாக்கி வழியாக வரும் உயர்கல்விக் கட்டண உதவித் திட்டத்தைப் பற்றியும் பேச்சு அடிபடும். அது வருமான வரம்புக்கு உட்பட்டு மலாய் மாணவர்களுக்கானது. அடையாள அட்டையில் இந்தியர் என்று மட்டும் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள், அதை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் சிண்டா பக்கம் போவது நல்லது.

ஆக, இரண்டாம் அடுக்கு பார்ப்பது வீட்டு வருமானத்தை, அதுவும் தலைக்கு வகுத்து. கேட்டால்தான் கிடைக்கும். திருப்பிக் கட்ட வேண்டாம்.

உபகாரச் சம்பளம் இதில் எங்கே வருகிறது?

எங்கும் வரவில்லை. அது பக்கத்துத் தெரு. மாணவரின் சொந்தத் திறமையைப் பார்த்து, தேர்வும் நேர்காணலும் வைத்துக் கொடுப்பது உபகாரச் சம்பளம். பொதுச் சேவை ஆணையம் கொடுக்கும் உபகாரச் சம்பளம் கட்டணம் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு அந்த மாணவர் அரசாங்கத்தில் வேலை பார்க்க வேண்டும்: உள்நாட்டில் படித்தால் நான்கு ஆண்டு, ஆங்கிலம் பேசும் வெளிநாட்டில் படித்தால் ஆறு ஆண்டு.

‘கவர்மென்ட்’, ‘வேலை’, ‘இலவசப் படிப்பு’ என்ற மூன்று சொல்லும் ஒரே பேச்சில் வந்துவிடுவதால், அப்பாவின் வேலைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். இங்கே அரசாங்க ஊழியர் ஆகப்போவது பிள்ளை. அப்பா என்ன வேலை பார்த்தாலும் பரவாயில்லை.

மூன்றும் நான்கும்: தள்ளுபடி மாதிரித் தெரியும் கடன்கள்

“அப்பாவோட சிபிஎஃப்ல போயிடுச்சு, கையில இருந்து ஒண்ணும் கட்டல” என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. கேட்பதற்குத் தள்ளுபடி போலவே இருக்கிறது. ஆனால் இது கடன். அதுவும் அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுத்த கடன்.

மத்திய சேம நிதிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, பெற்றோர் தங்கள் சேம நிதியின் ‘சாதாரணக் கணக்கு’ என்ற பிரிவில் இருப்பதில் குறிப்பிட்ட பங்குவரை எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களில் மானியம் பெறும் முழுநேரப் படிப்புக்குக் கட்டலாம். பிள்ளை படித்து முடித்து ஓராண்டு ஆனதும் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். கட்ட வேண்டியவர் பிள்ளை. பணம் போய்ச் சேருவது அப்பாவின் அல்லது அம்மாவின் சேம நிதிக் கணக்குக்கு. தவணையை ஆகக் கூடினால் 12 ஆண்டுக்கு நீட்டலாம்.

வட்டி எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சேம நிதியிலிருந்து பணம் எடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது. சாதாரணக் கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி. எடுத்த பணம் அங்கேயே இருந்திருந்தால் அந்த வட்டி வந்திருக்குமல்லவா, அதைத்தான் ஈடுகட்டச் சொல்கிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 8,000 வெள்ளி வீதம் நான்கு ஆண்டு எடுத்தால் அசல் 32,000. பட்டம் வாங்கும் நேரத்தில் அது 34,000 வெள்ளியைச் சற்றுத் தாண்டி நிற்கும்.

கல்வி அமைச்சின் கட்டணக் கடனோ வங்கி வழியாக வருவது. அதில் படிக்கும் காலத்துக்கு வட்டி கிடையாது. படிப்பு முடிந்த பிறகுதான் தொடங்கும். ஆனால் தொடங்கிய பிறகு வரும் வட்டி விகிதம் 2.5 விழுக்காட்டைவிட உயர்வாக இருக்கக்கூடும். எது லாபம்? படித்து முடித்தவுடன் கடனை அடைத்துவிடும் வசதியும் எண்ணமும் இருந்தால் கட்டணக் கடன் நல்லது. பத்துப் பன்னிரண்டு வருடம் மெல்ல மெல்லக் கட்டுவோம் என்றால் சேம நிதி. வீட்டுக் கடனுக்கும் அதே சாதாரணக் கணக்கிலிருந்துதான் மாதா மாதம் போகிறது என்றால், மகன் பெயரைப் படிவத்தில் எழுதும் முன் அந்தக் கணக்கில் என்ன மிஞ்சும் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி இந்தியாவிலிருந்து. அங்கே மத்திய அரசு ஊழியர்களுக்குப் பிள்ளைகளின் கல்விப் படி என்று ஒன்று உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாயாக இருந்தது. 2024 ஜனவரியிலிருந்து 2,812 ரூபாய் 50 காசு. பொதுவாக இரண்டு பிள்ளைகள்வரை. சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் சித்தப்பா இதைச் சொல்லக் கேட்டிருப்போம். ஆனால் அந்தப் படி பள்ளிக்கூடத்துக்கானது, பன்னிரண்டாம் வகுப்புவரை. மகன் பி.ஏ. சேர்ந்தால் அது நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2010 முதல் இருக்கும் முதல் பட்டதாரிச் சலுகையும் பெற்றோரின் வேலையைப் பொறுத்தது இல்லை. குடும்பத்தில் முன்பு யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது என்பதே அங்கே நிபந்தனை.

இன்னொரு பகுதி அமெரிக்காவிலிருந்து. அங்கே ஊழியர் பிள்ளைகளுக்கான கட்டணத் தள்ளுபடி நிஜமாகவே இருக்கிறது. இலினாய் மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவரின் பிள்ளைக்கு, அந்த மாநிலத்துப் பொதுப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக் கட்டணம் பாதி. ஆனால் தள்ளுபடி பெறுகிறவர் யார் என்று கவனியுங்கள்: பல்கலைக்கழகத்தின் சொந்த ஊழியர். வகுப்பில் இன்னொரு மாணவரை உட்கார வைப்பதால் பல்கலைக்கழகத்துக்குப் பெரிதாகச் செலவு கூடுவதில்லை. ஊழியருக்கோ அது பல ஆயிரம் டாலர். பட்டப்படிப்புக்கான இந்தத் தள்ளுபடியை வருமானமாகக் கணக்கிட்டு வரி போடக் கூடாது என்று அமெரிக்க வரிச் சட்டமும் அனுமதிக்கிறது. சம்பளத்தைக் கூட்டாமலே ஆளைத் தக்கவைத்துக்கொள்ள வசதியான வழி.

சிங்கப்பூர் வேறு பாதையில் போனது. பலன்களைச் சலுகையாகச் சிதறவிடாமல் சம்பளத்திலேயே காட்டிவிட வேண்டும் என்பது இங்கே நீண்டகாலப் போக்கு. 1986க்குப் பிறகு சேர்ந்த அரசாங்க ஊழியர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியமே கிடையாது. மற்றவர்களைப் போலச் சேம நிதிதான். 2012இல் அமைச்சர்களின் சம்பளத்தை மறுஆய்வு செய்த குழு முன்வைத்த மூன்று கோட்பாடுகளில் ஒன்று, சம்பளத்துக்கு வெளியே மறைமுகச் சலுகைகள் இருக்கக் கூடாது என்பது. அது அமைச்சர்களைப் பற்றியது என்றாலும், இந்த நாட்டின் மனப்போக்கு அதில் தெரிகிறது. அரசாங்க ஊழியர்களுக்கு மருத்துவச் சலுகை உண்டுதான். அது இருப்பதால் கல்விச் சலுகையும் இருக்கும் என்று ஊகிப்பதைக் குறை சொல்ல முடியாது.

பெற்றோரின் வேலையோடு உண்மையாகவே ஒட்டிவரும் உதவி ஒன்று உண்டு. சில தொழிற்சங்கங்கள் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி விருதும் உதவித்தொகையும் கொடுக்கின்றன. பொதுத்துறை ஊழியர் சங்கங்கள் கொடுப்பதும், தனியார் துறைச் சங்கங்கள் கொடுப்பதும் ஒரே மாதிரிதான். சங்கத்தில் சந்தா கட்டுவதால் கிடைப்பது அது. பல்கலைக்கழகக் கட்டணச் சீட்டில் கழிக்கப்படுவதில்லை. சந்தா கட்டிக்கொண்டே இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

கடன் வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

பிள்ளையின் பெயரிலேயே ஒரு பணம் இருக்கலாம். உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு என்பது, குடிமக்களான பிள்ளைகளுக்கு அரசாங்கம் திறந்துவைக்கும் சேமிப்புக் கணக்கு. சின்ன வயதில் குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் போட்டு மிஞ்சியது, பள்ளிக் காலத்தில் அரசாங்கம் மாணவர்களுக்குப் பணம் போடும் எடுசேவ் கணக்கில் செலவழியாமல் கிடந்தது எல்லாம் கடைசியில் இங்கே வந்து சேரும். வட்டியும் உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 13 முதல் 20 வயதுவரையுள்ள சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு எடுசேவ் கணக்கிலோ இந்தக் கணக்கிலோ 500 வெள்ளி போடுவதாக அறிவித்தார்கள்.

நாமாக எதுவும் திறக்காததால், இதைத் தேடிப் பார்க்கவும் தோன்றுவதில்லை. கட்டணத்துக்கு நேராகவே இதிலிருந்து எடுக்கச் சொல்லலாம். ஏற்கெனவே கட்டணக் கடனோ சேம நிதிக் கடனோ எடுத்தாகிவிட்டது என்றால் அதை அடைக்கவும் பயன்படுத்தலாம். மூத்தவன் தேசிய சேவை முடித்து வேலைக்குப் போய்விட்டான், மேலே படிக்கவில்லை, அவன் கணக்கில் பணம் சும்மா இருக்கிறது என்றால், தங்கையின் கட்டணத்துக்கு அவன் கணக்கிலிருந்து கொடுக்கலாம். 31 வயதுவரை யாரும் தொடாமல் விட்டால் அது அவனுடைய சேம நிதிச் சாதாரணக் கணக்குக்குப் போய்விடும்.